வெள்ளிக்கிழமை விமானம்

பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தது தோணிரேவு ஊர்க் கஸ்தூரியம்மாள்தான். குவைத்தில் ஜமுனா வேலை செய்யும் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் சமையலுக்கு இருந்தவள், முட்டிவலி தாங்காமல் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டாள். வந்த அலுப்புகூடத் தீரவில்லை, ஷேர் ஆட்டோ பிடித்து லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்து ரங்கன் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தாள். ரங்கன் அப்போதுதான் கடலிலிருந்து வந்து, குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தான்.

"இந்தா தம்பி, உன் பொண்டாட்டி குட்த்தனுப்பிச்சா. உள்ள பிளேனு கீது. துண்டு துண்டா கீதாம். நீதான் ஒட்டிக்கணுமாம்."

"ஒட்றதுக்கு இன்னாக்கா?"

"கம்மும் வச்சித்தான் குட்த்தா. ஏர்போர்ட்டுல புட்சிகினான். நெருப்பு பத்திக்குமாம். எம்மா நேரம் சண்ட போட்டேன், தரவே இல்ல."

"இத்த வச்சிகினு நா இன்னா பண்றது?"

"என்னக் கேட்டா? அவளக் கேளு. வெள்ளிக்கெழம பேசுவா இல்ல?"

பேசுவாள். வெள்ளிக்கிழமைதான் பேசுவாள். அந்த வீட்டுக்காரர்கள் மதியத் தொழுகை முடித்து, சாப்பிட்டு, படுத்த பிறகு ஜமுனாவுக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். இங்கே அப்போது வெயில் சாயத் தொடங்கியிருக்கும். ரங்கன் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்துவைத்து முன்னால் உட்கார்ந்துகொள்வான். ஆறு நாள் அந்த நேரத்துக்காகவே காத்திருப்பான். ஆனால் நேரம் வந்துவிட்டால் பேச்சு வராது. சாப்டியா என்பாள். சாப்டேன் என்பான். மீன் எப்படி என்பாள். சொம்மா கொஞ்சம் என்பான். பொன்னேரியில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் ஷாலினி எப்படி இருக்கிறாள் என்று இவன் கேட்பான். அவளோ இவனைவிட அதிகமாக அம்மாவோடு பேசுகிறவள். அதோடு சரக்கு தீர்ந்துபோகும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார்கள். பிறகு அவள் யாரோ கூப்பிட்டதுபோல எழுந்து போய்விடுவாள்.

புயலில் ஓடு பறந்துபோன வீட்டுக்குத் தளம் போடுவதற்காகத்தான் ஜமுனா குவைத்துக்குப் போனாள். தளம் போட்டாயிற்று. அதன்மேல் ஏறிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கருவாடுகூடக் காயவைக்கிறார்கள். அங்கே தங்குவதற்கு அக்காமா என்று ஒரு அனுமதி வேண்டும். ஜமுனாவின் அக்காமா பங்குனியோடு முடிகிறது. அந்த வீட்டு மேடம் இன்னும் இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போ என்கிறாள். இருக்கிறாளா, ஊருக்குத் திரும்புகிறாளா என்று பொங்கலுக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். இதையெல்லாம் ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டு, "நீ இன்னா சொல்ற?" என்று கேட்டாள்.

ரங்கன், "உன் இஷ்டம்" என்றான்.

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டான். வந்துவிடு என்றுதான் சொல்ல நினைத்தான். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் அவள், "இங்க மீன் நாத்தமே இல்ல மாமா, துணியெல்லாம் வாசனையா கீது" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். ஏசி அறையில் படுத்துத் தூங்குகிறவளை, மழ மழவென்று தரை மின்னுகிற வீட்டில் நடக்கிறவளை, எந்த வாயால் இங்கே வா என்று கூப்பிடுவது? கூப்பிட்டு, அவள் மாட்டேன் என்றுவிட்டால்? கேட்காமல் இருந்தால் ஒரு வேளை வருவாளோ என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அதுகூட இல்லாமல் போய்விடும் அல்லவா.

அந்த நிலைமையில்தான் கார்த்திகையில் இந்தப் பெட்டி வந்தது.

திறந்து பார்த்தால், யாரோ பெரிய மீனாகச் சாப்பிட்டுவிட்டு முள்ளை மட்டும் பெட்டியில் போட்டு அனுப்பியதுபோல இருந்தது. வெள்ளை பிளாஸ்டிக்கில் நடுத்தண்டு, தண்டிலிருந்து கிளை கிளையாகத் துண்டுகள், ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் ஒரு நம்பர். கூடவே படம் படமாக ஒரு தாள்.

வெள்ளிக்கிழமை வந்ததும், சாப்டியா என்று ஜமுனா கேட்பதற்கு முன்னால் இவன் ஆரம்பித்துவிட்டான். "இன்னாம்மே இது? எனக்கு எதுக்கு வெளாட்டு சாமான்?"

"வெளாட்டு சாமான் இல்ல மாமா. இந்த வூட்டு பெரியவரு கீறாரு இல்ல, பாபா, அவரு இதான் கட்றாரு. ஒரு ரூமு முச்சூடும் பிளேனுதான். நாந்தான் தெனம் பிரஷ்ஷால தூசி தட்றேன். ஒரே மாதிரி ரெண்டு வாங்கிட்டாராம். ஒன்ன எனக்கு குட்த்துட்டாரு."

"உனக்கு குட்த்தத எனக்கு ஏன் அனுப்பிச்ச?"

"அட்டையில படம் பாரு. நா போன பிளேனு இந்த மாதிரிதான் இருந்திச்சி. நீதான் கிட்டக்க பாத்ததே இல்லியே. அதான்."

ரங்கன் அட்டையைப் பார்த்தான். வாலைத் தூக்கிக்கொண்டு மேகத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்தது விமானம். இதன் வயிற்றுக்குள் அவள் உட்கார்ந்து போயிருக்கிறாள். ஒரு துண்டைப் பிடித்து முறிக்கப் போனான்.

"யோவ்! ஒடச்சி எடுக்காத! நகவெட்டி இருக்கா? அதால தள்ளி ஒரு வெட்டு வெட்டு. அப்பால ஒட்ட வெட்டு. அப்பால உப்புத்தாளு. பாபா அப்டித்தான் பண்ணுவாரு."

அன்றைக்கு அவள் போனை வைத்தபோது வெயில் முழுவதும் இறங்கிவிட்டிருந்தது. அவ்வளவு நேரம் அவர்கள் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது.

பசையைத் தாமதிக்காமல் ஷாலினி போனிலேயே ஆர்டர் போட்டு வரவழைத்து, பஸ்ஸில் வந்த ஆளிடம் கொடுத்தனுப்பினாள். சின்ன பாட்டில், மூடியிலேயே பிரஷ். ரங்கன் ஐஸ்பெட்டியின் தெர்மக்கோல் மூடியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வேலையை ஆரம்பித்தான். முதல் சொட்டுப் பசை மூடியில் விழுந்தது. விழுந்த இடத்தில் தெர்மக்கோல் சுருண்டு, குழிந்து, குழி ஓட்டையாகி, பசை தரைக்குப் போய்ச் சேர்ந்தது. பலகை ஒன்றைத் தேடி எடுத்துவந்தான்.

கைவேலை தெரியாதவன் இல்லை அவன். ஃபைபர் போட்டில் ஓட்டை விழுந்தால் குப்பத்தில் முதலில் கூப்பிடுவது அவனைத்தான். தேய்த்து, அசிட்டோனில் துணி நனைத்துத் துடைத்து, ரெசின் அடித்தால் போட்டு ஆயுசுக்கும் ஒழுகாது. துடைக்காமல் ஒட்டுகிறவனைக் கண்டாலே அவனுக்குப் பிடிக்காது. அந்தப் பழக்கத்தில், இறக்கையின் இரண்டு பாதியையும் ஒட்டுவதற்கு முன்னால் அசிட்டோன் துணியால் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தான். துணியோடு இறக்கையின் தோல் வந்துவிட்டது. மயிரிழை மாதிரி செதுக்கியிருந்த கோடுகள் ஒன்றுகூட இல்லை. வெயிலில் மறந்து வைத்த மிட்டாய் மாதிரி பளபளவென்று குழைந்து கிடந்தது இறக்கை.

அதைப் போனுக்கு முன்னால் தூக்கிக் காட்ட அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஜமுனா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"போட்டுக்குப் பண்றத இதுக்குப் பண்ணியா?"

"தொடச்சாத்தானே புடிக்கும்?"

"ஐயய்ய. எந்தப் பக்கம்? அடிப்பக்கமா? உடு. யாரு குனிஞ்சி பாக்கப் போறா."

பச்சைமுத்து பார்த்தான். ரங்கனோடு ஒரே போட்டில் போகிறவன், பால்ய சிநேகிதன், அடுத்தவன் சோற்றுத் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. உள்ளே வந்து, குனிந்து, நிமிர்ந்து, "இன்னா மச்சான், உன் ஃபிளைட்டு கெளம்பறதுக்கு முன்னாடியே ஆக்சிடென்ட்டா?" என்றான்.

"போடா பேமானி."

"ஒரு சீட்டு போட்டு வை. எனக்கு ஜன்னலோரம். சோறு குடுப்பாங்க இல்ல?"

குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. வலை காயப்போடுகிற இடத்தில் பெண்கள், "ரங்கண்ணா, பிளேனுக்கு இன்னா பேரு வைக்கப் போற? ஜமுனா துணையா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ரங்கனும் சிரித்தான். அவர்கள் என்ன சொன்னாலும் அவனுக்குக் கோபம் வரவில்லை. ஆறு நாளும் ஒவ்வொரு துண்டை வெட்டும்போதும் இதை ஜமுனாவிடம் கேட்கவேண்டும், அதைக் காட்டவேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான். போட்டில் போகும்போதுகூட, வலை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் சக்கரத்துக்கு எந்தக் கறுப்பு என்று யோசனை ஓடும்.

ஜன்னல்கள் கண்ணாடி மாதிரி தெளிவான ஒரு பட்டையில் வரிசையாக வந்தன. உடம்பின் இரண்டு பாதியையும் மூடுவதற்கு முன்னால் அதை உள்பக்கமாக ஒட்டவேண்டும். அதை விரலில் பிடித்துக்கொண்டு ரங்கன் கேட்டான். "நீ இதுல எந்த ஜன்னலு?"

"எதுக்கு?"

"சொல்லேன்."

அவள் போன அன்று அவனை விமான நிலையத்துக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். ஏஜெண்டு வண்டியில் நான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ரங்கன் கடலுக்குப் போகவில்லை. கரையில் நின்றுகொண்டு தெற்கிலிருந்து எழும்பி வந்த ஒவ்வொரு விமானத்துக்கும் தலைத்துண்டை எடுத்து வீசினான். எது அவளுடையது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றுக்கும் வீசினான். இதை அவளிடம் சொன்னதில்லை. இப்போது ஜன்னல் பட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

ஜமுனா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிக்கிறாள் என்று நினைத்தான். இல்லை.

"நா ஜன்னலே பாக்கல மாமா. நடு சீட்டு. ரெண்டு பக்கமும் ஆம்பளைங்க. ஏறினதும் கண்ண மூட்னேன். எறங்கறப்பதான் தொறந்தேன்."

"மேலருந்து நம்ம ஏரி தெரிஞ்சிச்சின்னு சொன்ன?"

"நீ ஆசையா கேட்ட. சொன்னேன்."

ரங்கன் குனிந்து பட்டையை ஒட்டினான். ஒரு ஜன்னலில் பசை பட்டுப் புகை படிந்ததுபோல மங்கிப்போனது. அதை அவளுக்குக் காட்டவில்லை.

அடுத்த வாரம் நடந்ததுதான் பெரிய கூத்து. தாளில் ஒரு படத்தில் குண்டு மாதிரி ஒன்று போட்டு, பக்கத்தில் அம்புக்குறி போட்டிருந்தது. குண்டு என்றால் எடை, அது ரங்கனுக்கு உடனே புரிந்தது. வலையின் அடிக்கயிற்றில் கோர்க்கிற ஈயக்குண்டு வீட்டில் டப்பா நிறைய இருந்தது. எங்கே வைப்பது? அம்பு மூக்கைப் பார்த்து இருந்தது. அது விமானம் போகிற திசை என்று எடுத்துக்கொண்டான். போட்டில் என்ஜின் பின்னால். ஐஸ்பெட்டி பின்னால். பின்பக்கம் கனமாக இருந்தால்தான் அணியம், அதாவது போட்டின் மூக்கு, தூக்கி நிற்கும். அலையைக் கிழித்துக்கொண்டு ஏறும். மூக்கில் பாரம் ஏற்றினால் முதல் அலையிலேயே தண்ணீர் உள்ளே. ஆறு வயசுப் பிள்ளைக்கும் தெரியும் இது. ஈயக்குண்டுகளை அள்ளி வாலுக்குள் வைத்து, பசை ஊற்றி, உடம்பை மூடி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினான்.

வெள்ளிக்கிழமை, சக்கரங்களும் வைத்தாயிற்று. "பாத்துக்கோ" என்று பெருமையாகப் போனுக்கு முன்னால் பலகைமேல் நிறுத்தினான். கையை எடுத்தான். விமானம் மெதுவாகப் பின்னால் சாய்ந்து, வாலைப் பலகையில் ஊன்றி, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"இன்னா மாமா, குந்திக்கிச்சி?"

"ஏறப்போவுது இல்ல. அணியம் தூக்கித்தான் நிக்கும்."

"ஈயத்த எங்க வச்ச?"

"பின்னாலதான்."

ஜமுனா சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் வாய்க்குள்ளே. பிறகு அடக்க முடியாமல் தலையணையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள், அந்த வீட்டுக்காரர்கள் எழுந்துவிடுவார்களே என்று. தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. "குவைத்துக்குக் குந்திக்கினேவா வரப்போற! அது மூக்குல வைக்கணும்யா! ஐயோ, பாபாகிட்ட சொல்லியே ஆவணும்!"

ரங்கன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இங்கே இருந்தபோது சிரிக்கிற சிரிப்பு அது. குழம்பு கொதிக்கும்போது பச்சைமுத்து ஏதாவது உளறினால் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பாளே, அது. இத்தனை காலமாக அந்தப் போனுக்குள் அந்தச் சிரிப்பு வந்ததில்லை.

"பிரிச்சி மறுபடியும் ஒட்டணும்" என்றாள். "நாளாவும்."

"ஆவட்டும்" என்றான் ரங்கன். மனசுக்குள் அப்பாடா என்றிருந்தது.

அன்றைக்குப் பிடித்த கிறுக்குதான். விமானம் முடிந்துவிட்டால் வெள்ளிக்கிழமை என்னவாகும் என்று அதுவரை அவன் யோசிக்கவில்லை. இப்போது யோசித்தான். பழையபடி சாப்டியா, சாப்டேன். பழையபடி முகத்தை முகம் பார்த்துக்கொண்டு இருப்பது. அதனால் ஒட்டிய இடத்தைப் பிளேடால் மெல்ல மெல்லப் பிரித்தான். ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலையை வாரம் முழுக்க வைத்துக்கொண்டான். ஈயத்தை மூக்குக்கு மாற்றினான். வெள்ளை பெயிண்ட் அடித்தான். திட்டுத்திட்டாக இருக்கிறது என்று தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தான். வாலில் ஒட்டுகிற படத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, வேண்டுமென்றே கோணலாக ஒட்டி, ஜமுனா திட்டத் திட்ட நகர்த்தினான். அவள் திட்டுவது காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

மார்கழி ஓடிக்கொண்டிருந்தது. பொங்கல் பக்கத்தில் வந்துவிட்டது. ஒவ்வொரு வாரமும் இந்தத் தடவை சொல்லிவிடவேண்டும், வந்துடு என்று ஒரே ஒரு வார்த்தை, சொல்லிவிடவேண்டும் என்றுதான் போன் முன்னால் உட்காருவான். பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது அதை எப்படி நடுவில் போடுவது? அவள் முகம் மாறிவிட்டால்? சரி, பெயிண்ட் காய்ந்ததும் சொல்லலாம். சரி, சக்கரத்துக்குக் கறுப்பு அடித்ததும். இப்படியே.

"கேட்டியாடா?" என்று பச்சைமுத்து ஒரு நாள் போட்டிலேயே கேட்டான். விளையாட்டாகக் கேட்கவில்லை.

"இன்னாத்த?"

"அவ வராளா இல்லியான்னு."

"அவ இஷ்டம்."

"நீயும் உன் இஷ்டமும். வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று சொல்லிவிட்டு பச்சைமுத்து கயிற்றை இழுக்கத் திரும்பிக்கொண்டான்.

விமானத்தில் இனி செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்கிற நிலை வந்தது. பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. ஜமுனா கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ரங்கன் அதைக் கையில் எடுத்தான். நன்றாகத்தான் இருந்தது. மூன்று சக்கரத்தில் அழகாக நின்றது. பலகையோரம் பிளேடு கிடந்தது. முன்னங்காலை, முன்சக்கரத்தைத் தாங்குகிற அந்த மெல்லிய குச்சியை, பிளேடால் ஒரு அழுத்து. டக்கென்று வந்துவிட்டது.

"கீழ வுழுந்து ஒடஞ்சி போச்சிம்மே" என்றான் போனில். குரலில் வருத்தம் சரியாகவே வந்திருந்தது. "இனிமே மறுபடியும் மொதல்ல இருந்து..."

"காட்டு."

காட்டினான்.

"கிட்டக்க காட்டு. வெளிச்சத்துல புடி. ஆ, அப்டி." அவள் முகம் திரைக்கு நெருங்கி வந்தது. "இது ஒடஞ்சது இல்ல மாமா. அறுத்தது."

"இல்லம்மே, பூன தள்ளி..."

"டபாய்க்காத. இங்க வந்த புதுசுல பாபாவோட பிளேனு ஒன்னு என் கை பட்டு வுழுந்து காலு ஒடஞ்சிச்சி. அந்தக் கால கையில வச்சிகினு நாள் பூரா அழுதிருக்கேன். தானா ஒடஞ்சா ஒடஞ்ச எடம் வெள்ளையா பூத்துக்கும். உன்து வழவழன்னு கீது. பிளேடு போட்டிருக்க."

ரங்கன் அறுத்த குச்சியைப் பலகைமேல் வைத்தான்.

"எதுக்கு மாமா?"

"முட்ஞ்சிப் போச்சின்னா?"

"முட்ஞ்சா இன்னா?"

"அப்பால நாம இன்னா பேசறது?"

வெளியே யாரோ போட்டை மணலில் இழுக்கிற சத்தம் கேட்டது. ஏலேலோ பாட்டு இல்லை, இப்போதெல்லாம் டிராக்டர் வைத்துத்தான் இழுக்கிறார்கள். அந்தச் சத்தம் அடங்கின பிறகு ஜமுனா சொன்னாள்.

"மேடம்கிட்ட சரின்னு சொல்லிட்டேன் மாமா."

"இன்னா சரி?"

"இருக்கறேன்னு. போன வாரமே."

ரங்கன் விமானத்தைப் பலகையில் படுக்கவைத்தான்.

"உன் இஷ்டம்னு நீதான சொன்ன?" அவள் குரல் ஏறியது. "அப்பால ஒரு வாட்டி கேட்டியா? எப்ப வர்ற, ஏன் வரல, ஒன்னு கேட்டியா? வாரா வாரம் போன எட்த்தா பிளேனு, பிளேனு. பெயிண்டு, உப்புத்தாளு. சிரிச்சிகினு வேற கீற. சரி, ஆம்பள சந்தோஷமாத்தான் கீறான், நா இல்லன்னு ஒன்னும் கொறையில்லன்னு நெனச்சேன்."

"நா சிரிச்சது உன்னப் பாத்தும்மே" என்றான் ரங்கன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் அவளுடைய காதையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டு, இத்தனை நாளாகப் பெயிண்டுக்கும் பசைக்கும் பின்னால் ஒளித்துவைத்ததை எடுத்து வெளியே வைத்தான்.

"வந்துடு ஜமுனா."

"இப்ப சொல்லு."

"வந்துடு. எனக்கு முடியல. நீ வாசனையா கீதுன்னு சொன்ன. ஏசின்னு சொன்ன. இந்த நாத்தத்துக்கு எப்டிக் கூப்புடறதுன்னு..."

"அட கிறுக்கு மனுஷா. மீன் நாத்தமே இல்லன்னு நா சந்தோஷமாவா சொன்னேன்? உன் சட்ட ஒன்னு எட்த்தாந்தேன், தெரியுமா உனக்கு? கட்டம் போட்டது. காணோம்னு தேடுனியே. தலகாணிக்கு அடியில வச்சிருந்தேன். மேடம் அழுக்குன்னு மிஷின்ல போட்டுட்டா. இப்ப அதுலயும் சோப்புதான் வாசன வருது."

மேடம் எங்கேயோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள், வந்ததும் கேட்டுப் பார்க்கிறேன், ஒரு தடவை சரி என்று சொன்னதை மாற்றினால் என்ன சொல்வார்களோ தெரியாது, எதையும் நினைத்துக்கொண்டு உட்காராதே என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

நினைக்காமல் எப்படி இருப்பது? பொங்கல் வந்தது, போனது. ஷாலினி வந்து பொங்கல் வைத்துவிட்டு, நைனா முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனாள். அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. ரங்கன் குடத்துக்கு முன்னால் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தான். இவனாகக் கூப்பிட்டால் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கோபமா, வேலையா, போனைப் பிடுங்கிக்கொண்டார்களா? அந்த ஒரு வாரம் அவன் சாப்பிட்டது பச்சைமுத்து வீட்டில்தான். பச்சைமுத்துகூட வாயைத் திறக்கவில்லை.

கை சும்மா இருக்கமாட்டேன் என்றதால் அறுத்த காலை ஒட்டினான். ஒட்டி, ஒரு ராத்திரி காயவிட்டு, நிறுத்திப் பார்த்தான். கொஞ்சம் நொண்டியது. பரவாயில்லை என்று அலமாரிமேல் தூக்கி வைத்துவிட்டான்.

போன் வந்தது ஒரு காலை நேரத்தில். போட்டு கரை சேர்ந்து, வலையில் சிக்கின நண்டைக் கடிபடாமல் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டிருந்தான். பச்சைமுத்துதான் ரங்கன் சட்டைப் பையிலிருந்து போனை உருவி, பெயரைப் பார்த்துவிட்டு, அவன் காதில் வைத்துப் பிடித்தான்.

"மாமா. மேடம் ரெண்டு நாளு மூஞ்சி குட்த்தே பேசல. போனையும் வாங்கி வச்சிகினா. பாபாதான் உள்ள வந்து, அவளுக்கு வூடு கீது, புருஷன் கீறான், உடுன்னு சொன்னாரு. நோன்பு முட்ஞ்சி பெருநாளும் ஆவட்டுங்கறாங்க. புது ஆளு வந்தா அனுப்பிச்சிடுவாங்களாம்."

"புது ஆளு வரலன்னா?"

"வருவா. வரலன்னாலும் நா வருவேன். கேட்டுச்சா?"

கேட்டது. ரங்கன் தலையை ஆட்டினான். தலையாட்டுவது போனில் தெரியாது என்று பச்சைமுத்து காலால் இடித்தான்.

"கேட்டுச்சிம்மே. கையில நண்டு கீது."

"சரி, நண்டு கடிச்சிடப் போவுது. வேலையப் பாரு."

"இன்னாவாம்?" என்றான் பச்சைமுத்து, முழுவதையும் கூடவே காது வைத்துக் கேட்டவன்.

"பெருநாளு முட்ஞ்சி."

"அது எப்ப வருது?"

ரங்கனுக்குத் தெரியவில்லை. பழவேற்காடு கடைத்தெருவில் ஐஸ் வாங்கப் போனபோது மசூதிப் பக்கம் கடை வைத்திருக்கிறவரிடம் நோன்பு எப்போது பிடிக்கிறீர்கள் என்று கேட்டான். அவர் சொன்னார். பிறை பார்த்துத்தான் முடிவு என்பதையும் சொன்னார். அன்றிலிருந்து அவன் சாயங்காலத்தில் மேற்கே நிலாவைப் பார்க்க ஆரம்பித்தான், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மீன் படுமா என்று பார்ப்பதுபோல அல்லாமல், வேறு மாதிரி.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜமுனா வழக்கமான நேரத்துக்குப் போனில் வந்தாள். விமானத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினான். நொண்டுகிறதே என்றாள். ஆமாம் என்றான். அவ்வளவுதான், அதைப் பற்றிப் பேச வேறு எதுவும் இல்லை. அவள் இஸ்திரி போடவேண்டிய துணி குவிந்து கிடக்கிறது என்று, போனை எதன்மேலோ சாய்த்துவைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தாள். இஸ்திரிப் பெட்டி புஸ் புஸ்ஸென்று ஆவி விட்டது. ரங்கன் கிழிந்த வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு முடிச்சுப் போட்டான். இடையில் உள்ளேயிருந்து யாரோ அவள் பெயரை நீட்டி முழக்கிக் கூப்பிட்டார்கள். ஜமுனா எழுந்த வேகத்தில் கை பட்டு போன் மல்லாந்து விழுந்தது.

திரையில் அந்த அறையின் கூரை தெரிந்தது. வெள்ளைக் கூரை. ஒரு மூலையில் ஏசியின் விளிம்பு. இன்னொரு மூலையில் கொடி கட்டி, அதில் அவளுடைய ஊதா நைட்டி தொங்கியது. அவள் தினமும் படுத்துக்கொண்டு பார்க்கிற கூரை. இத்தனை வருஷத்தில் அதை அவன் பார்த்ததே இல்லை.

"இன்னாடா பாக்கற?" என்று பச்சைமுத்து வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். "ஆளே காணோம்?"

"உள்ள போயிருக்கா."

"கட் பண்ணேன். சார்ஜி போவுது."

"போவட்டும்" என்றான் ரங்கன். வலையைக் கீழே வைத்துவிட்டு, போனுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தான்.